பாதிப் பருவத்தில் ஒரு நம்பிக்கை

மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல்

நம் கல்லூரி விடுதியில் கிரிக்கெட் பேசாத நாவில்லை. எந்த அணி யாரை எத்தனை கோடிக்கு ஏலம் எடுத்தது என்பதைப் பாடநூலில் உள்ள தேவை விதியைவிடத் தெளிவாகச் சொல்லும் நண்பர்கள் இங்கே பலர். அவர்கள் நடுவே நான் ஒருவன் மட்டும் பேஸ்பால் இரசிகன் என்றால் சிரிப்பு வருவது இயல்பே. "அது என்னப்பா, நம்ம கிட்டிப்புள்ளா?" என்று கேட்டவரும் உண்டு. அவருக்கும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று அழைப்பவர், அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் சியாட்டில் நகருக்கு அருகே கணினி வேலை பார்க்கிறார். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது விடுமுறைக்கு வந்தவர் எனக்கு ஒரு நீலத் தொப்பி கொடுத்தார். அது சியாட்டில் மேரினர்ஸ் அணியின் தொப்பி. மேரினர்ஸ் என்றால் மாலுமிகள். தொப்பியோடு ஒரு தலைவலியும் சேர்த்துத் தருகிறார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. அங்கே மாலை 7.10க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் காலை 7.40. நகரப் பேருந்தின் நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கைப்பேசியில் ஓட்டக்கணக்குப் பார்த்தபடி கல்லூரிக்கு வருபவன் நான்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். பந்தை அடித்துவிட்டு, வைர வடிவில் அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். வேலிக்கு அப்பால் தூக்கி அடித்தால் ஹோம் ரன். நம் சிக்சருக்கு அது உறவு. அப்போது ஏற்கெனவே தளங்களில் நிற்கும் தோழர்களும் ஓடி வந்து சேர்வர். ஆகவே ஒரே அடியில் நான்கு ஓட்டங்கள் வரை கிடைக்கும். இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மார்ச் இறுதியில் தொடங்கி செப்டம்பர் இறுதி வரை, ஏறத்தாழ நாள்தோறும், ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. 30 அணிகள் இரண்டு லீகுகளாகப் பிரிந்து மோதுகின்றன. அக்டோபரில் நடக்கும் சுற்றுகளில் வென்று, இரு லீகுகளின் முதல்வர்களும் இறுதியில் சந்திக்கும் போட்டியே உலகத் தொடர். 1977இல் பிறந்த சியாட்டில் அணி 2025 வரை அந்த மேடையில் ஒருமுறைகூட ஏறியதில்லை. அப்படி ஏறாத அணி 30இல் அது ஒன்றே ஒன்றுதான். 2001ஆம் ஆண்டில் 116 வெற்றிகள் பெற்று, 1906இல் சிகாகோ கப்ஸ் வைத்திருந்த சாதனையைச் சமன் செய்த அணி அது. அப்படியிருந்தும் அவ்வாண்டு உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றது. அதன்பின் 20 ஆண்டுகள் அக்டோபர் ஆட்டத்தையே அது பார்க்கவில்லை. 2022இல்தான் விடிந்தது. இப்படிப்பட்ட அணிக்கு இரசிகனாக இருப்பது, மழை பெய்யாத ஊரில் குடை விற்பது போன்றது.

இனி என் பொருளுக்கு வருகிறேன். நம் ஊர் ஏலமெல்லாம் பருவம் தொடங்குமுன் நடந்து முடிந்துவிடும். பேஸ்பாலிலோ பருவத்தின் நடுவிலேயே ஓர் அணி இன்னோர் அணியோடு வீரர்களைப் பண்டமாற்றுச் செய்துகொள்ளலாம். அதற்கு ஒரு கெடு உண்டு. 2025இல் அந்தக் கெடு ஜூலை 31, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி மாலை 6 மணி. நமக்கு ஆகஸ்டு 1 அதிகாலை 3.30. மூன்றில் இரண்டு பங்கு ஆட்டங்கள் முடிந்திருக்கும் நேரம் அது. வெல்லும் வாய்ப்புள்ள அணிகள் வாங்கும். வாய்ப்பிழந்த அணிகள் விற்கும். விலை பெரும்பாலும் பணமன்று, ஆட்களே விலை. ஒவ்வோர் அணிக்கும் கீழே படிப்படியாகப் பயிற்சி அணிகள் இருக்கின்றன. நாளைய நட்சத்திரங்கள் என்று எண்ணப்படும் இளைஞர்கள் அங்கே ஆடுகிறார்கள். தேர்ந்த வீரர் ஒருவர் இன்றே வேண்டுமானால், அந்த இளைஞர்களில் இருவரையோ மூவரையோ கொடுக்க வேண்டும். மாற்றப்படுபவரிடம் பெரும்பாலும் சம்மதம் கேட்பதில்லை. தொலைபேசி மணி அடிக்கும். மறுநாள் வேறு ஊர், வேறு சட்டை.

நம் பேராசிரியர் முதலாமாண்டில் வாய்ப்புச் செலவு என்ற கருத்தைக் கற்பித்தபோது கரும்பலகையில் கோதுமையையும் துணியையும் எடுத்துக்காட்டினார். எனக்கு அது விளங்கியது ஜூலை மாதத்து பேஸ்பாலில்தான். ஒன்றைப் பெறுவதற்காக எதைக் கைவிட்டாயோ அதுவே அதன் உண்மையான விலை.

2025 ஜூலையில் எங்கள் அணியின் நிலை இதுதான். கேட்சராக ஆடும் கால் ராலே பருவத்தின் முற்பாதியிலேயே 38 ஹோம் ரன்கள் அடித்துவிட்டார். பந்து எறிபவர்களிலும் தேர்ந்தவர்கள் இருந்தனர். ஆனால் சுவரில் இரண்டு ஓட்டைகள். முதல் தளத்தில் நிலையான ஆள் இல்லை. ஆள் மாற்றி ஆள் நின்றார்கள். மூன்றாம் தளத்தில் நின்ற பென் வில்லியம்சன் என்ற இளைஞர் பந்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரர். ஆனால் மட்டையில் தூக்கி அடிக்கும் வலு இன்னும் வரவில்லை. இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்துவிட்டால் இவ்வாண்டு நம்முடையது என்று என் உள்ளம் கணக்குப் போட்டது. பணவியல் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, இடப்பக்கம் 'வேண்டுவன', வலப்பக்கம் 'கொடுப்பன' என்று எழுதினேன். அரிசோனா அணியில் இருந்த ஜாஷ் நேய்லர், யூஹேனியோ சுவாரஸ் இருவரும் இடப்பக்கத்தில். சுவாரஸ் முன்பு 2022, 2023 ஆண்டுகளில் எங்களிடம் இருந்தவர்தாம், எங்களால் அனுப்பப்பட்டவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேசினார்.

"என்னடா தம்பி, இந்த வருஷமும் பட்டியல் போட்டாச்சா?"

"போட்டாச்சுண்ணே. முதல் தளத்துக்கு ஒருத்தர், மூணாம் தளத்துக்கு ஒருத்தர். ரெண்டு பேரும் வந்துட்டா நம்மளை யாரும் தொட முடியாது."

"சரி, யாரைக் கொடுக்கப் போறே?"

"கோல்ட் எமர்சனைக் கொடுக்கலாம்ணே. இன்னும் பெரிய அணிக்கே வரலையே அவன்."

மறுமுனையில் சற்று மௌனம். "அவனுக்கு என்ன வயசு தெரியுமா?"

"தெரியலைண்ணே."

"இந்த மாசம்தான் இருபது. உன் வயசு."

நான் விடவில்லை. 1995ஆம் ஆண்டை எடுத்து வீசினேன். அவ்வாண்டு ஆகஸ்டுத் தொடக்கத்தில் சியாட்டில் அணி கலிபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு 13 ஆட்டங்கள் பின்தங்கிக் கிடந்தது. எனினும் சோர்ந்துவிடாமல், ஜூலை 31 அன்று இரண்டு இளைஞர்களைக் கொடுத்து, சான் டியாகோவிடமிருந்து ஆண்டி பெனஸ் என்ற பந்து எறிபவரை வாங்கியிருந்தது. அவர் எஞ்சிய நாட்களில் 7 வெற்றிகள் தேடித் தந்தார், தோல்வி இரண்டே. அணி ஏறி வந்து ஏஞ்சல்ஸைப் பிடித்து, தனியாக ஆடிய ஓர் ஆட்டத்தில் வென்று, அக்டோபரில் யாங்கீஸையும் வீழ்த்தியது. அந்த வெற்றி அலையில்தான் புதிய மைதானத்துக்கு மாநிலச் சட்டமன்றம் வழிவகுத்தது. அண்ணன் இன்று போய் அமர்கிற மைதானமே 1999இல் அப்படி எழுந்ததுதான். "பார்த்தீங்களா அண்ணே, துணிஞ்சு வாங்கினதாலே வந்த வாழ்வு" என்றேன்.

"1997ஐயும் படி" என்று சொல்லி அண்ணன் தொலைபேசியை வைத்துவிட்டார்.

படித்தேன். 1997இல் சியாட்டிலிடம் கென் கிரிஃபி ஜூனியர் இருந்தார். அவ்வாண்டு 56 ஹோம் ரன்கள் அடித்தவர். அணியே ஓட்டங்களைக் குவித்தது. ஆனால் கடைசி இன்னிங்ஸ்களில் முன்னிலையைக் காப்பாற்றப் பந்து எறியும் ஆள் இல்லை. ஜூலை 31 வந்தது. ஹீத்கிளிஃப் ஸ்லோகம்ப் என்ற ஒரு பந்து எறிபவருக்காக, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு இரண்டு இளைஞர்களைக் கொடுத்தார்கள். ஒருவர் டெரக் லோ. மற்றவர் கேட்சர் ஜேசன் வாரிடெக். சியாட்டில் அக்டோபருக்குச் சென்றது உண்மை. முதல் சுற்றிலேயே பால்டிமோரிடம் தோற்று வீடு திரும்பியது. ஸ்லோகம்ப் 1998க்குப்பின் அணியில் இல்லை. அந்த இரு இளைஞர்களோ? 2004இல் பாஸ்டன் 86 ஆண்டுகளுக்குப் பிறகு உலகத் தொடரை வென்றபோது, அக்டோபரின் மூன்று சுற்றுகளிலும் கடைசி ஆட்டத்தின் வெற்றி லோவின் பெயரில் எழுதப்பட்டது. அவற்றை முகமூடிக்குள்ளிருந்து வழிநடத்திய கேட்சர் வாரிடெக். அந்தோ! சியாட்டில் கொடுத்த விலை, இன்னொரு நகரம் கண்ணீர் மல்கக் கொண்டாடிய கோப்பை.

அன்றிரவு குறிப்பேட்டைத் திறந்து வலப்பக்கத்தைப் பார்த்தேன். வள்ளுவர் பெருமான் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது அரசர்களுக்கு மட்டுமன்று என்று அன்றுதான் தோன்றியது. நான் அறிந்தது காலம் ஒன்றைத்தான். ஜூலை 31 நெருங்குகிறது என்பது தெரிந்தது. யாருடைய வலிமையை விற்கிறேன் என்பது தெரியவில்லை. ஆட்டமே பார்த்திராத ஓர் இளைஞனை, அவன் வயதைக்கூடக் கேளாமல், ஒரு பேனாக்கோட்டால் நாடு கடத்தியிருந்தேன். எமர்சன் பெயரை அடித்தேன். ஆனால் இடப்பக்கத்தை அடிக்க மனம் வரவில்லை. இரசிகன் மனம் அப்படி!

ஜூலை 24 அன்று நேய்லர் வந்துவிட்டார். விலை இரண்டு இளம் பந்து எறிபவர்கள். ஜூலை 31, வியாழக்கிழமை, சுவாரஸும் வந்துவிட்டார். விலை டைலர் லாக்லியர் என்ற முதல் தள ஆட்டக்காரரும் மேலும் இரண்டு பந்து எறிபவர்களும். ஐவரும் இருபதுகளில் இருப்பவர்கள். சியாட்டில் பேஸ்பால் துறையின் தலைவர் ஜெர்ரி டிபோட்டோ பண்டமாற்றுக்குப் பேர் போனவர். என்றாலும் எமர்சனைப் போன்ற முதல் வரிசை இளைஞர் எவரையும் அவர் கைவிடவில்லை. நான் கொடுக்கத் துணிந்ததைக் கொடுக்காமலே நான் கேட்டதை வாங்கிவிட்டார்! அவர் அங்கே அமர்ந்திருப்பதும் நான் இங்கே எழுதிக்கொண்டிருப்பதும் சரிதான் என்று தெளிந்தேன்.

வகுப்பில் யாரிடம் சொல்வது? பக்கத்தில் இருந்த நண்பனிடம், "நாங்க கேட்ட ரெண்டு பேரும் வந்துட்டாங்கடா" என்றேன். "யாரு, உங்க வீட்டுக்குச் சம்பந்தியா?" என்றான். அவனைக் குறை சொல்வதற்கில்லை; என் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

அந்த மலர்ச்சிக்குள் ஒரு முள்ளும் இருந்தது. சுவாரஸுக்கு இடம் வேண்டுமே! மூன்றாம் தளத்தில் நின்ற வில்லியம்சன், டகோமா நகரிலுள்ள கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தவர். இரசிகர்கள் 'ஓட்டை' என்று சொன்ன இடத்தில் நின்றிருந்தவர் ஒரு மனிதர் என்பதை நான் அந்தச் செய்தியின் கடைசி வரியில்தான் கண்டேன்.

நேய்லர் கொடுத்த காசுக்கு மேல் விளைந்தார். பேஸ்பாலில் மிக மெதுவாக ஓடுபவர்களில் ஒருவர் அவர். ஆயினும் எறிபவரின் அசைவைக் கூர்ந்து படித்துக் கற்று, சியாட்டிலுக்கு வந்த பின்னர் மட்டும் 19 தளங்களைத் திருடினார். எறிபவர் அயர்ந்த கணத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதைத் திருட்டு என்றே அங்கே சொல்வர். சுவாரஸோ தடுமாறினார். அரிசோனாவில் 36 ஹோம் ரன்கள் அடித்து வந்தவர், இங்கே மேலும் 13 அடித்தார் என்பது உண்மை. ஆனால் நூறு வாய்ப்புக்கு 19 அடிகூட முழுதாகத் தேறவில்லை. ஒவ்வொரு காலையும் அவர் வெறுங்கையோடு திரும்பும்போது, ஏதோ நானே கையெழுத்திட்டு வரவழைத்தவன் போலப் பேருந்தில் குன்றிப்போனேன். "வேண்டியவன் நீதானேடா" என்று அண்ணனும் கேலி செய்தார்.

எனினும் அணி நிமிர்ந்தது. செப்டம்பர் 24 அன்று, ராலே தம் 60ஆவது ஹோம் ரன்னை அடித்த அதே ஆட்டத்தில், 2001க்குப் பிறகு முதன்முறையாகச் சியாட்டில் தன் பிரிவில் முதலிடத்தை உறுதி செய்தது. அக்டோபர் முதல் சுற்றில் டெட்ராய்ட்டை, 15 இன்னிங்ஸ் நீண்ட ஐந்தாம் ஆட்டத்தில் 3-2 என்று வென்றது. அடுத்து டொராண்டோ. ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றால் உலகத் தொடர்! முதல் இரண்டை நாங்கள் வென்றோம்; அடுத்த இரண்டை அவர்கள் வென்றார்கள்.

ஐந்தாம் ஆட்டம் நமக்கு அக்டோபர் 18, சனிக்கிழமை விடியலில் நடந்தது. தீபாவளிக்காக ஊருக்கு வந்திருந்தேன். வீட்டார் உறங்க, நான் திண்ணையில் கைப்பேசியோடு விழித்திருந்தேன். எட்டாம் இன்னிங்ஸில் ராலே ஒரு ஹோம் ரன்னால் ஓட்டத்தைச் சமன் செய்தார். பிறகு தளங்கள் மூன்றும் நிரம்ப, மட்டையோடு வந்தவர் யார்? சுவாரஸ்! முதலில் நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த ஒரே அடியில் நான்கு ஓட்டங்கள்! ஆட்டம் 6-2. நான் எழுப்பிய கூச்சலில் அம்மா பதறி எழுந்து, "என்னடா, பாம்பா?" என்றார். இரண்டு மாதம் நான் நாணிக் குறுகியதெல்லாம் ஓரடியில் தீர்ந்தது. ஜூலையில் கேட்டது அக்டோபரில் கிடைத்தது.

உலகத் தொடருக்கு இன்னும் ஒரே ஒரு வெற்றி. ஆறாம் ஆட்டம் கைநழுவியது. ஏழாம் ஆட்டம் அங்கே அக்டோபர் 20 இரவு. நமக்குத் தீபாவளிக்கு மறுநாள் காலை. வாசலெல்லாம் வெடித்த பட்டாசுக் காகிதம். எங்கள் அணி 3-1 என்று முன்னிலையில் இருந்தது. ஏழாம் இன்னிங்ஸில், இரண்டு பேர் தளங்களில் நிற்க, டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் வேலியைத் தாண்டி அடித்தார். மூன்று ஓட்டங்கள். 4-3. அதன்பின் ஒன்றும் மாறவில்லை. அம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் துடைப்பத்தை வாங்கி, பேசாமல் மீதியைப் பெருக்கினேன்.

பகலில் அண்ணன் அழைத்தார். அங்கே நள்ளிரவு கடந்திருந்தது.

"தூங்கலையாண்ணே?"

"தூக்கம் வரலைடா." பிறகு மெல்லச் சொன்னார்: "கேட்டதெல்லாம் கிடைச்சுதுடா தம்பி. ரெண்டு ஓட்டையும் அடைஞ்சுது. அப்புறமும் தோத்துட்டோம்."

அண்ணனுக்கு அன்று என்னால் மறுமொழி சொல்ல இயலவில்லை. இப்போது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நண்பர்களே, பாதிப் பருவத்தில் நம்பிக்கை கொள்வது எளிதன்று. பருவத் தொடக்கத்தில் எல்லா அணியும் சமம்; எவரும் கனவு காணலாம். முடிவிலோ கனவுக்கு இடமில்லை. நடுவில்தான், பாதி தோல்விகளைக் கணக்கில் வைத்துக்கொண்டு, 'இன்னும் திருத்தலாம்' என்று சொல்லும் துணிவு வேண்டும். அந்தத் துணிவால் சியாட்டில் தன் இரு ஓட்டைகளையும் அடைத்தது. தோற்றது அந்த ஓட்டைகளால் அன்று, ஒரு பந்தால். நான் ஜூலையில் விரும்பியது தவறு என்று ஸ்பிரிங்கரின் அடி காட்டிவிடவில்லை. திருத்துவது நம் வேலை. வெல்வது அதன்மேல் வருகிற கொடை. கொடை வராததால் வேலை வீணாகிவிடாது. நேய்லரைச் சியாட்டில் விட்டுவிடவில்லை. பருவம் முடிந்ததும் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்து தன்னிடமே வைத்துக்கொண்டது. அரிசோனா சென்ற லாக்லியருக்கு அங்கே முதல் தளத்தில் ஆடும் வாய்ப்புக் கிட்டியது. ஒரு பண்டமாற்றின் கணக்கு ஓர் அக்டோபரில் முடிந்துவிடுவதில்லை என்பதை 1997உம் 2004உம் நமக்குச் சொல்லவில்லையா?

ஆனால் ஒன்றை நான் திருத்திக்கொண்டேன். அடுத்த ஜூலையிலும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போடத்தான் போகிறேன். அந்தப் பழக்கம் என்னை விடாது. இம்முறை 'கொடுப்பன' என்ற பக்கத்தை முதலில் எழுதுவேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவருடைய வயதையும் எழுதுவேன். அதன் பிறகும் கை துணிந்தால், அப்போது 'வேண்டுவன' எழுதத் தொடங்குவேன்.